பூனையின் பாதத்தில் ஒட்டும் மண்: வீட்டார் தெரிந்திருக்க வேண்டியவை

சுபஹ் தொழுகைக்கு எழுந்து விளக்கைப் போடுகிறோம். இரவே விரித்து வைத்த முஸல்லாவின் மேல் சாம்பல் நிறத்தில் நான்கைந்து பாதச் சுவடுகள். பக்கத்தில் சிறு மணிகளாக மண். பூனையோ எதுவும் நடவாததுபோல் மூலையில் உட்கார்ந்து தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் பூனை வளர்க்கும் குடும்பங்களுக்கு இது பழகிப்போன காட்சி.

அந்நேரத்தில் எல்லோருடைய கவனமும் முஸல்லாவின் மேல்தான் இருக்கும். பூனை நக்குகின்ற அந்தக் காலை யாரும் பார்ப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பாதத்தில் ஒட்டிய மண்ணில் ஒரு பகுதி தரைக்கு வருகிறது. மீதி பூனையின் வயிற்றுக்குப் போகிறது. தரையில் கிடப்பதைக் கூட்டி அள்ளிவிடலாம். வயிற்றுக்குள் போனதை அப்படி அள்ள முடியாது.

மண் ஏன் ஒட்டுகிறது, ஒட்டியதை எப்படி அகற்றுவது, மீண்டும் ஒட்டாமல் இருக்க என்ன செய்வது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வீட்டிலுள்ள கர்ப்பிணித் தாய்மார், சிறு பிள்ளைகள், தொழும் இடத்தின் சுத்தம் ஆகியவை பற்றியும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறது.

மலைநாட்டு வீடுகளின் நிலை

கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய ஊடாக மஹியங்கனை செல்லும் ஏ-26 வீதியில் இருக்கிறது ஹுன்னஸ்கிரிய. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் உள்ள சிறு நகரம். மீமுரே கிராமத்துக்குச் செல்வோர் பிரதான வீதியை விட்டுத் திரும்பும் இடம். இந்தப் பக்கத்துக்கு இரண்டு பருவக்காற்றுகளும் மழை கொண்டு வருகின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். இடையில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமழை. மழை இல்லாத நாட்களிலும் பனிமூட்டம் இறங்கும். காயப்போட்ட துணி இரண்டு நாளாகியும் ஈரம் விடாது.

இப்படிப்பட்ட இடத்தில் முற்றத்து மண்ணுக்குப் பழகிய பூனைகூட மழைக்காலத்தில் வெளியே போக மறுக்கும். அதற்காக வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பேசன் வைக்க வேண்டியதாகிறது. பூனையை வெளியே விடாமல் வளர்க்க வேறு காரணங்களும் உண்டு. வீதியில் வாகனங்கள், ஊரில் கட்டாக்காலி நாய்கள், காட்டோரத்தில் சிறுத்தை. பூனையும் சும்மா இருப்பதில்லை. பறவைகளையும் ஓணான்களையும் வேட்டையாடும். நக்கிள்ஸ் காடுகள் 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. உலகில் இங்கு மாத்திரமே வாழும் ஓணான் இனங்கள் அதிலே இருக்கின்றன. ஆகவே காட்டை அண்டிய ஊர்களில் பூனையை வீட்டோடு வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

ஆனால் வீட்டுக்குள் பேசன் வந்தவுடன் ஒட்டும் மண்ணும் வந்துவிடுகிறது. குளிரும் ஈரமும் உள்ள காற்றில் பேசனில் உள்ள மண் முழுமையாகக் காய்வதில்லை. கொழும்பின் தொடர்மாடியில் ஒரு வாரம் தாங்கும் மண், இங்கே அதற்கு முன்பே பிசுபிசுத்துப்போகும்.

ஏன் ஒட்டுகிறது?

கடையில் விற்கும் பூனை மண்ணின் கதையே ஒரு பாதச் சுவட்டில்தான் தொடங்கியது. முன்பு மேற்கு நாடுகளிலும் மக்கள் பூனைக்கு மணலையோ அடுப்புச் சாம்பலையோதான் வைத்தார்கள். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெண்மணி, பூனை சாம்பலை மிதித்து வீடு முழுக்கக் கறுப்புச் சுவடு பதிக்கிறது என்று பக்கத்து வியாபாரியான எட் லோ என்பவரிடம் முறையிட்டார். தொழிற்சாலைத் தரைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்காக அவர் விற்றுக்கொண்டிருந்த ஒருவகைக் களிமண்ணில் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார். அது நன்றாக உறிஞ்சியது, சுவடும் குறைந்தது. பூனை மண் என்ற வியாபாரம் அங்கிருந்து வளர்ந்தது.

1980களில் அடுத்த மாற்றம் வந்தது. பென்டோனைட் என்ற களிமண் ஈரம் பட்டவுடன் வீங்கி உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். அந்த உருண்டையை மட்டும் அள்ளி எறிந்தால் போதும். இன்று எமது கடைகளில் அதிகம் கிடைப்பது இந்தக் கட்டியாகும் வகைதான். அதன் நன்மையும் தீமையும் ஒரே குணத்தில் இருக்கின்றன. சிறுநீரில் நனைந்து கட்டியாகும் அதே மண், ஈரமான பாதத்தில் பட்டாலும் கட்டியாகும்.

பாதம் ஈரமாவதற்குப் பல வழிகள் உள்ளன. பூனைக்கு வியர்வை பெரும்பாலும் பாதத் தசைகளில்தான் சுரக்கிறது. பயந்தாலும் வெப்பமானாலும் அங்கே ஈரம் கசியும். குளியலறைத் தரையிலோ மழை நனைந்த படியிலோ நடந்துவிட்டு நேரே பேசனுக்குள் போகும். பேசனில் மண் குறைவாக இருந்தால் சிறுநீர் அடியில் குளமாகத் தேங்கி, தோண்டும்போது விரல்களில் படும். பாரசீக இனம் போன்ற நீண்ட முடியுள்ள பூனைகளுக்கு விரல்களுக்கிடையே முடிக் கற்றை இருக்கும். அதில் ஒரு சிறு மணி மாட்டினால் போதும். அடுத்தடுத்த முறைகளில் அதைச் சுற்றி மண் சேர்ந்து சிறு கல்லாக இறுகிவிடும். அந்தக் கல்லோடு நடக்கும்போது பூனைக்கு வலிக்கும்.

நக்கினால் என்ன ஆகும்?

விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கைப் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதில் கழிக்கிறது. காலில் ஒட்டியது எதுவானாலும் அது நாக்குக்குப் போகும். வளர்ந்த பூனை ஒன்றிரண்டு மணிகளை விழுங்கினால் அது பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். குட்டிகளின் நிலை வேறு. குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் வயதில் மண்ணையும் தின்னும். கட்டியாகும் மண் அதிக அளவில் போனால் சிறிய குடலில் அடைப்பை ஏற்படுத்தக்கூடும். ஆகவே 3 அல்லது 4 மாதம் ஆகும் வரை குட்டிகளுக்குக் கட்டியாகும் மண்ணைப் பாவிக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

வாந்தி, சாப்பிட மறுத்தல், வயிறு உப்புதல், மலம் போகாமை ஆகியவை ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் காத்திருக்கக் கூடாது. மிருக வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

அகற்றும் முறை

முதல் விதி: பிடுங்கக் கூடாது. முடியோடு சேர்ந்து இறுகிய மண்ணை இழுத்தால் தோல் கிழியும். ஒருமுறை வலித்துவிட்டால் அடுத்த முறை பூனை காலைக் கொடுக்காது. கீழ்க்காணும் ஒழுங்கில் செய்யலாம்.

1. பூனை சாப்பிட்டுவிட்டுச் சோம்பலாக இருக்கும் நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒருவர் பழைய துவாயில் பூனையைச் சுற்றி மடியில் வைத்து, ஒரு காலை மட்டும் வெளியே விட வேண்டும். மற்றவர் வேலையைச் செய்யலாம்.

2. காய்ந்த, உதிரக்கூடிய மண்ணாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். மென்மையான பழைய பல் தூரிகையால் முடி வளர்ந்த திசையில் மெதுவாகத் தட்டி உதிர்த்து விடுங்கள். தண்ணீர் பட்டால் கட்டியாகும் மண் மேலும் வீங்கும். ஆகவே உதிரக்கூடியதை எல்லாம் முதலில் உதிர்ப்பது முக்கியம்.

3. இறுகிய கட்டியாக இருந்தால் ஒரு சிறு கிண்ணத்தில் இளஞ்சூடான தண்ணீர் எடுங்கள். உங்கள் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் சூடாகவோ குளிராகவோ தெரியக் கூடாது. பாதத்தை 2 அல்லது 3 நிமிடம் அதில் அமிழ்த்தி வைத்தால் மண் இளகும். விரலால் பிசைந்து கரையுங்கள். தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள். ஒரே முறையில் முடியாவிட்டால் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொடருங்கள்.

4. பாதத் தசையை மெதுவாக அமுக்கினால் விரல்கள் விரியும். ஒவ்வொரு விரலிடுக்கையும் நகத்தின் அடியையும் ஈரத் துணியால் துடையுங்கள். அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான்.

5. நன்றாக ஒற்றி உலர்த்துங்கள். ஈரக் காலோடு விட்டால் அது நேரே பேசனுக்குப் போய் மீண்டும் பூசிக்கொண்டு வரும். கால் காயும் வரை வேறு அறையில் வைத்திருங்கள்.

6. பிறகு கொஞ்சம் மீன் துண்டு கொடுங்கள். அடுத்த முறை கால் நீட்ட அதுவே காரணமாகும்.

அழுக்குடன் மலமும் ஒட்டியிருந்தால் குழந்தைகளுக்குப் பாவிக்கும் வாசனையற்ற மென்மையான சவர்க்காரத்தில் ஒரு துளி சேர்க்கலாம். அதன் பின்னர் வெறும் தண்ணீரால் முழுமையாகக் கழுவிவிட வேண்டும். வீதியில் உருகிய தார் போன்றவை ஒட்டியிருந்தால் தண்ணீர் உதவாது. சிறிது தேங்காய் எண்ணெய் தடவி இளக வைத்துத் துடைத்து, பின்னர் கழுவலாம்.

விரலிடுக்கு முடியைக் கூர்மையான கத்தரிக்கோலால் வெட்ட முயல வேண்டாம். பூனையின் தோல் மெல்லியது. முடியோடு சேர்ந்து இழுபட்டு வரும். முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலால் பாதத் தசைக்கு வெளியே நீண்டிருக்கும் முடியை மட்டும் நறுக்கலாம். கல்லாகிவிட்ட கட்டியை மிருக வைத்தியரிடம் விட்டுவிடுவது நல்லது.

வேலையின் நடுவே பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீர்வெறுப்பு நோய் நாயினால் மாத்திரமல்ல, பூனையினாலும் பரவும். வருடந்தோறும் பூனைக்கு அதற்கான தடுப்பூசி போடுவது வீட்டார் அனைவருக்கும் பாதுகாப்பு.

பாவிக்கக் கூடாதவை

சுத்தம் வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பல வீடுகளில் பூனைக்கு நஞ்சு கொடுக்கப்படுகிறது. மனிதனின் ஈரல் எளிதாக உடைத்து வெளியேற்றும் சில பொருட்களைப் பூனையின் ஈரலால் வெளியேற்ற முடியாது. காலில் பூசியதைப் பூனை நக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பினைல், குளோரொக்சிலினோல் கலந்த கிருமிநாசினித் திரவங்கள், மண்ணெண்ணெய், கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், சித்திரனெல்லா எண்ணெய் ஆகிய எதையும் பூனையின் காலில் பூசக் கூடாது. தண்ணீரில் சில துளி கலப்பதும் கூடாது. பினைல் ஊற்றித் துடைத்த தரை முற்றாகக் காயும் வரை பூனையை அதில் நடக்க விடவும் வேண்டாம்.

பேசனில் பிளீச் ஊற்றுவதும் ஆபத்து. சிறுநீரிலுள்ள அமோனியாவுடன் சேர்ந்து அது மூச்சை அடைக்கும் வாயுவை உண்டாக்கும். பூனைக்கு மட்டுமல்ல, கழுவுகின்ற உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் அது தீங்கு.

மலைநாட்டில் விறகு அடுப்புள்ள வீடுகளில் பேசனில் சாம்பல் போடும் வழக்கம் உண்டு. செலவில்லை, நாற்றமும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் விறகுச் சாம்பல் நனைந்தால் காரத்தன்மை கொண்ட நீராகும். அந்தக் காரம் பாதத் தசையையும், நக்கும்போது நாக்கையும் எரிக்கும். சாம்பலைக் கைவிடுவதே சரி.

எந்த மண் நல்லது?

எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஒவ்வொன்றின் தன்மையையும் அறிந்து தெரிவு செய்யலாம்.

மணல் பாரமானது, மலிவானது, கழுவிக் காயவைத்து மீண்டும் பாவிக்கக்கூடியது. ஆனால் உறிஞ்சாது. அடியில் ஈரம் தேங்கும். நாற்றம் விரைவில் வரும். ஒவ்வொரு நாளும் மாற்ற முடிந்தவர்களுக்கு ஏற்றது.

மரத்தூள் மரம் அரியும் ஆலைகளில் எளிதாகக் கிடைக்கும். நன்றாக உறிஞ்சும். பொடியாக இருப்பதால் காலில் ஒட்டி வீடெங்கும் பரவும். தூசி மூச்சுக்கும் ஆகாது. பொடியைச் சல்லடையால் நீக்கிவிட்டுச் சீவல்களை மட்டும் பாவித்தால் நல்லது. பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பலகையின் தூளை வாங்க வேண்டாம்.

தென்னந்தும்பிலிருந்து பெறும் தும்புச்சோறு எமது நாட்டிலேயே உற்பத்தியாகிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சும், மண்ணோடு மக்கிவிடும். ஆனால் எடை குறைந்தது. ஈரக் காலில் ஒட்டும். வெள்ளைத் தரையில் பழுப்புக் கறை படியும். உமியும் இதைப் போலத்தான். எடை இல்லாததால் எங்கும் சிதறும்.

மர உருளை, காகித உருளை போன்ற பெரிய மணி வகைகள் காலில் மிகக் குறைவாக ஒட்டும். குட்டிகளுக்கும், கருத்தடைச் சத்திரசிகிச்சை முடிந்த பூனைகளுக்கும் காகித வகையே பாதுகாப்பு. வாங்க முடியாவிட்டால் பழைய பத்திரிகையைக் கீலமாகக் கிழித்துப் போடலாம். அல்லாஹ்வின் திருநாமமும் குர்ஆன் வசனங்களும் அச்சான தாள்களைப் பிரித்தெடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கட்டியாகும் களிமண்ணையே தொடர விரும்புவோர், பொடி குறைந்த, மணி பெரிதான வகையைப் பார்த்து வாங்குங்கள். வாசனை சேர்த்தவை மனித மூக்குக்குத்தான் இனிமை. பல பூனைகள் அந்த வாசனையால் பேசனையே வெறுத்து, கட்டிலுக்குக் கீழே போய்விடும்.

மண்ணை மாற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் மாற்றக் கூடாது. பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் முழுமையாக மாற்ற வேண்டும்.

பேசனும் கால்மிதியும்

நல்ல மண் வாங்கியும் பயனில்லாமல் போவது பேசனை வைக்கும் முறையால். பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள பேசன் வேண்டும். சிறிய பேசனில் பூனை தான் போன இடத்தையே மிதித்துத் திரும்ப நேரிடும். மண் 2 முதல் 3 அங்குலம் ஆழம் இருக்க வேண்டும். செலவைக் குறைக்க ஒரு விரல் அளவு போட்டால், சேமித்த பணம் தரை கழுவுவதில் போகும். ஒரு பூனைக்கு 2 பேசன், 2 பூனைக்கு 3 பேசன் என்பது பொதுவான கணக்கு. சிறிய வீட்டில் அது முடியாவிட்டால் அள்ளும் தடவையைக் கூட்டுங்கள்.

கட்டியையும் மலத்தையும் காலை, மாலை இரு வேளையும் அள்ளுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது முழு மண்ணையும் கொட்டி, பேசனைக் கொதிநீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, வெயில் வரும்போது காயவைத்துப் பாவியுங்கள். ஈரம் காயாத பேசனில் புதிய மண்ணைக் கொட்டினால் முதல் நாளே அது அடியில் அப்பிக்கொள்ளும். மீதி மண்ணை இறுக்கமாக மூடிய வாளியில் வையுங்கள். பை வாயைத் திறந்து வைத்தால் பனி ஈரத்தை அதுவே குடித்துவிடும்.

பேசனைக் குளியலறைக்குள் வைப்பது எமது வீடுகளில் வழக்கம். வுழூச் செய்த தண்ணீர் தெறித்த தரையில் நடந்து பேசனுக்குள் போகும் பூனைக்கு மண் ஒட்டாமல் இருக்குமா? தண்ணீர் படாத, காற்றோட்டமுள்ள மூலை சிறந்தது. பேசனின் வாசலில் ஒரு தும்புக் கால்மிதியைப் போடுங்கள். வெளிநாட்டில் விலை கொடுத்து வாங்கும் விசேட பாய்கள் செய்யும் வேலையை எமது தென்னந்தும்பு நன்றாகவே செய்யும். கால்மிதி நீளமாக இருந்தால் பூனை நான்கைந்து அடி அதன்மேல் நடந்தாக வேண்டும். விரல்கள் விரிந்து மணிகள் அங்கேயே விழும். தினமும் வெளியே உதறிவிடுங்கள்.

பாதம் சொல்லும் நோய்கள்

நேற்று வரை ஒட்டாத மண் இன்று திடீரென ஒட்ட ஆரம்பித்தால், மண்ணை மட்டும் குறை சொல்லக் கூடாது. வயதான பூனைக்கு நீரிழிவோ சிறுநீரக நோயோ வந்தால் அது அதிகம் தண்ணீர் குடிக்கும். அதிகம் சிறுநீர் கழிக்கும். பேசன் எப்போதும் நனைந்திருக்கும். காலில் மண் ஒட்டுவது அந்நோயின் முதல் அடையாளமாக வீட்டாரின் கண்ணில் படக்கூடும். வயிற்றோட்டமும் இப்படித்தான் காலில் தெரியும்.

ஆண் பூனை அடிக்கடி பேசனுக்குள் போய், முக்கி, ஒரு துளியும் போகாமல் வெளியே வந்தால் அது மலச்சிக்கல் என்று எண்ணி இருந்துவிட வேண்டாம். சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கலாம். ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் நிலை அது. இரவென்றும் பாராமல் வைத்தியரைத் தேட வேண்டும்.

விரலிடுக்கு சிவத்தல், வீங்குதல், சீழ், நொண்டுதல், பாதத் தசை மென்மையாக ஊதிப்போதல், வட்ட வட்டமாக முடி உதிர்தல் ஆகியவற்றையும் காட்ட வேண்டும். வட்டமாக முடி உதிர்வது படர்தாமரையாக இருந்தால் பிள்ளைகளுக்கும் தொற்றும். கண்டிப் பகுதியில் இருப்போருக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை உள்ளது. பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகங்களிலும் ஆலோசனை பெறலாம்.

கர்ப்பிணித் தாய்மாரும் சிறு பிள்ளைகளும்

வீட்டில் மருமகள் கர்ப்பமானவுடன் பூனையை வெளியேற்றச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. டொக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் பூனையின் மலத்தில் வெளிவரலாம்; கர்ப்ப காலத்தில் தாய்க்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம். ஆனால் விபரம் தெரிந்தால் பூனையை வெளியேற்றத் தேவையிருக்காது.

பெரும்பாலான பூனைகள் முதன்முதலாகத் தொற்றுக்கு உள்ளாகும்போது ஓரிரு வாரங்கள் மட்டுமே இந்நுண்ணுயிரை வெளியேற்றுகின்றன. வெளிவந்த மலம் உடனே தொற்றை ஏற்படுத்தாது. அதற்குக் குறைந்தது ஒரு நாளாவது செல்லும். ஆகவே நாள்தோறும் அள்ளுவதே பெரிய பாதுகாப்பு. அந்த வேலையைக் கர்ப்பிணிப் பெண் செய்யாமல் கணவனோ வீட்டிலுள்ள வேறொருவரோ பொறுப்பெடுக்க வேண்டும். வேறு வழியில்லையென்றால் கையுறை அணிந்து செய்து, பின்னர் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். பூனையின் காலைக் கழுவும் வேலைக்கும் இதே விதிதான்.

இந்நுண்ணுயிர் மனிதருக்கு வருவது பூனையிடமிருந்து மட்டுமல்ல. சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்ட மண் ஆகியவையும் வழிகள். பூனைக்கும் பச்சை இறைச்சியால் தொற்றலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நாட்களில் அறுப்பின் துண்டுகளைப் பச்சையாகப் பூனைக்கு எறியும் பழக்கத்தை விட்டு, அவித்துக் கொடுப்போம்.

இன்னொன்று. வீடு கட்டுவதற்காக முற்றத்தில் கொட்டி வைத்த மணற்குவியல் ஊர்ப் பூனைகள் அனைத்துக்கும் மலகூடம். அதன்மேல் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள் கொக்கிப்புழுவின் குடம்பிகள் நுழைந்து, நெளிநெளியாகச் சிவந்த அரிப்பை உண்டாக்கும். மணலைத் தறப்பாளால் மூடி வையுங்கள். வீட்டுப் பூனைக்கு வைத்தியர் சொல்லும் இடைவெளியில் பூச்சி மருந்து கொடுங்கள்.

முஸல்லாவில் பட்டால்

தொடங்கிய இடத்துக்கு வருவோம். முஸல்லாவில் பூனை நடந்துவிட்டது, தொழலாமா?

பூனை நஜீஸான பிராணி அல்ல. வுழூவுக்காக வைத்திருந்த பாத்திரத்தில் பூனை குடிக்க வந்தபோது அபூ கதாதா (ரழி) அவர்கள் அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததும், பூனை அசுத்தமானதல்ல, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக எடுத்துச் சொன்னதும் அபூதாவூத், திர்மிதி போன்ற கிரந்தங்களில் பதிவாகியுள்ளன. ஆனால் பூனையின் சிறுநீரும் மலமும் நஜீஸ். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது. ஒருவர் பூனையையே நஜீஸ் என்பார். இன்னொருவர் பூனை சுத்தம்தானே என்று பேசன் மண்ணையும் பொருட்படுத்த மாட்டார்.

பாதத்தில் இருப்பது அசுத்தம் படாத காய்ந்த மண் என்றால் உதறிவிட்டால் போதும். அசுத்தம் பட்டதா இல்லையா என்ற வெறும் சந்தேகத்தினால் சுத்தமான இடம் அசுத்தமாகிவிடாது. சந்தேகம் உறுதியை நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. காய்ந்த அசுத்தம் காய்ந்த துணியில் பட்டு, அதில் எதுவும் தங்காவிட்டால் துணி அசுத்தமாகாது. ஈரம் இருந்தால் பரவும். கண்ணால் கண்ட, மூக்கால் உணர்ந்த அசுத்தம் என்றால் முதலில் அந்தப் பொருளை அகற்றி, பின்னர் நிறமும் மணமும் போகும்படி அவ்விடத்தில் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். இடுக்கான மஸ்அலாக்களுக்கு உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் எளிய வழி, முஸல்லாவைத் தொழுதவுடன் மடித்து அலுமாரியில் வைப்பது. விரித்து வைத்த முஸல்லாவில் பூனை படுக்கத்தான் செய்யும்.

கழிவை எங்கே கொட்டுவது?

களிமண் வகையை மலகூடத்தில் கொட்டக் கூடாது. குழாயில் வீங்கி அடைத்துவிடும். ஹுன்னஸ்கிரிய போன்ற இடங்களில் பல குடும்பங்கள் ஊற்றுத் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் நம்பி இருக்கின்றன. மேட்டில் ஒருவர் எறிவது பள்ளத்தில் இன்னொருவரின் குடத்துக்கு வரும். ஆகவே ஊற்று, கிணறு, ஓடை, மரக்கறித் தோட்டம் ஆகியவற்றுக்குத் தூரமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். பிரதேச சபையின் வண்டி வரும் இடங்களில் பையில் இறுகக் கட்டிக் கொடுக்கலாம். அயலவரின் உரிமை இதிலும் இருக்கிறது.

இறுதியாக

வீடு நாறுகிறது, தரை அழுக்காகிறது, தொழ முடியவில்லை என்று சொல்லிப் பூனையை உரப்பையில் கட்டிக்கொண்டுபோய்ச் சந்தையிலோ மீன்கடை ஓரத்திலோ விட்டுவிட்டு வருவோர் எம்மத்தியில் இருக்கின்றனர். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்கு வேட்டையாடத் தெரியாது; நாய்க்கு ஒதுங்கத் தெரியாது. மழையில் நனைந்து பட்டினியால் சாகும். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டதாக வரும் ஹதீஸை நாம் ஜும்ஆக்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்?

அந்தப் பூனை செய்த குற்றம் என்ன? நாம் வைத்த பேசனில், நாம் போட்ட மண்ணை மிதித்தது. மண்ணைத் தெரிவு செய்தவர் நாம். அதைக் காயவிடாமல் வைத்தவரும் நாம். இரு வேளை அள்ளுவதும், ஒரு கால்மிதி போடுவதும், வாரம் ஒருமுறை காலைத் தூக்கிப் பார்ப்பதும் பெரிய வேலைகளல்ல. இன்றைக்கே உங்கள் பூனையின் பாதத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். வாயில்லா ஜீவன்கள் விடயத்தில் இரக்கமுள்ளவர்களாக எம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக.